கால் நரம்பு சுருட்டலுக்கு பிளட் டெஸ்ட் பேக்கேஜ் தேவையா? காசை எங்கே போடணும்?



ஆரணியில் (பட்டு ஆரணி இல்லீங்க, பெரியபாளையம் பக்கத்து ஆரணி) காலையில் பஸ் ஏறி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முழுக்க நின்னு வேலை பார்க்கிறவரா நீங்க? சாயங்காலம் கால் கனக்குது, கெண்டைக்காலில் நரம்பு புடைச்சுத் தெரியுது. போனைத் திறந்தா ஃபுல் பாடி செக்கப் ஆஃபர். டி-டைமர், சி.ஆர்.பி. எல்லாம் எடுத்தா நோய் எவ்வளவு முத்தியிருக்குன்னு தெரிஞ்சிடுமா?

நான் ஆடிட்டர், டாக்டர் இல்லை. ஆனா இதில் உங்க சம்பளக் காசு இருக்கு. அதனால பேசுவோம்.

ரத்தம் எவ்வளவு சொல்லும்?

கால் ரத்தக் குழாய்க்குள்ள இருக்கிற வால்வு சரியா மூடலைன்னா ரத்தம் கீழேயே தேங்கும். அழுத்தம் ஏறி, குழாய்ச் சுவரில் அழற்சி வரும். அதனாலதான் ஆராய்ச்சியாளர்கள் சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6, டி-டைமர் அளவையும் நோயின் தீவிரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க. ஆனா சாதாரண காய்ச்சலிலேயே சி.ஆர்.பி. ஏறும். தொற்று, கர்ப்பம், ஆபரேஷன், வயசு இதனாலயும் டி-டைமர் ஏறும். ஒரு எண்ணை வெச்சு உங்க கால் எந்த நிலையில் இருக்குன்னு சொல்ல முடியாது.

நிலையைச் சொல்வது 1994-ல் உருவான 'சீப்' வகைப்பாடு. சி1 சிலந்தி வலை மாதிரி நரம்பு, சி2 புடைத்த நரம்பு, சி3 வீக்கம், சி4 தோல் நிறம் மாறுவது, சி5 ஆறிய புண், சி6 ஆறாத புண். இதை டாக்டர் காலைப் பார்த்தே சொல்வார். உள்ளே என்ன நடக்குதுன்னு காட்டுறது டாப்ளர் ஸ்கேன்.

ஒரே ஒரு விஷயம்: ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா, உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. டி-டைமருக்கு உண்மையான வேலை அங்கேதான். அதையும் டாக்டர் எழுதணும்.

இப்போ காசுக் கணக்கு

இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 2017 ஜனவரியில் ₹15,000-லிருந்து ₹21,000 ஆச்சு. ₹20,500 சம்பளத்துக்கு நீங்க கட்டுறது 0.75%, மாசம் சுமார் ₹154. கம்பெனி 3.25% கட்டும். ஜூலையில் இன்கிரிமென்ட் வந்து ₹22,000 ஆனா, செப்டம்பர் வரை சந்தா பிடிப்பாங்க. அக்டோபரிலிருந்து கிடையாது. ஏப்ரல்-செப்டம்பர் சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. கார்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

பலர் சறுக்குறது இங்கேதான். இ.எஸ்.ஐ. முடிஞ்ச பிறகு, கால் வலி தாங்கலைன்னு பாலிசி எடுப்பாங்க. ஆனா ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் வெரிகோஸ் வெயினுக்கு 24 மாசம் காத்திருப்பு. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 36 மாசம் வரை கம்பெனிகள் வைக்கலாம். மறைச்சு எடுத்தா, கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

அதனால செய்ய வேண்டியது:

1. இ.எஸ்.ஐ. இருக்கும்போதே காலைக் காட்டுங்க. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் ஆரம்பிங்க.

2. வரம்பைத் தாண்டப் போறீங்கன்னு தெரிஞ்சா, அதுக்கு முன்னாடியே தனி பாலிசி எடுங்க. காத்திருப்புக் கடிகாரம் பாலிசி எடுத்த நாளில்தான் ஓட ஆரம்பிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

3. கம்பெனி குரூப் பாலிசி இருந்தா, காத்திருப்பு விலக்கு உண்டான்னு எச்.ஆர்-கிட்ட கேளுங்க. வேலை மாறும் முன்பே, அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழியையும் விசாரிங்க.

4. உட்கார இருக்கை கேட்கிறது சலுகை இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவே அதைச் சொன்னது. கடை ஊழியர்களுக்கு 2021-ல் தமிழ்நாடு தனிச் சட்டத் திருத்தமே கொண்டு வந்தது.

பேக்கேஜ் ஆஃபர் அடுத்த மாசமும் வரும். இ.எஸ்.ஐ. தேதி உங்களுக்காகக் காத்திருக்காது. இன்னைக்கே சம்பளச் சீட்டை எடுத்து இ.எஸ்.ஐ. வரியைப் பாருங்க. சந்தேகம் இருந்தா கமென்டில் கேளுங்க.