கம்பி பூட்டிய பற்களைக் காப்பது எப்படி?

எமக்குத் தெரிந்த குடும்பமொன்றில், மாணவி ஒருத்திக்குச் சென்ற ஆண்டு பற்கம்பி கழற்றப்பட்டது. இரண்டாண்டுகள் பொறுமையோடு காத்திருந்த அப்பிள்ளை கண்ணாடியின் முன் நின்று வாய்நிறையச் சிரித்தாள். பற்கள் நூல் பிடித்தாற்போல் நிரையாக நின்றன. ஆயினும் அச்சிரிப்பு மறுகணமே அடங்கிற்று. முன்பற்களில், கம்பியைத் தாங்கிய பிடிகள் ஒட்டியிருந்த இடங்களைச் சுற்றி, சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெள்ளை வடுக்கள் தெரிந்தன. இக்குறை கம்பியால் வந்ததன்று. கம்பியைச் சுற்றிச் செவ்வனே துலக்காமையால் வந்தது.

கோணற் பற்களை நிரைப்படுத்தும் சிகிச்சையில், பற்களின்மேற் சிறு பிடிகளை ஒட்டி அவற்றிற் கம்பியைப் பூட்டுவர். நாவும் உமிழ்நீரும் எளிதிற் கழுவிவந்த வழவழப்பான பரப்பில் இதனால் மூலைமுடுக்குகள் பல தோன்றிவிடுகின்றன. அங்கே உணவுத் துணுக்குகள் சிக்குகின்றன. கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. நாம் உண்ணும் சீனியிலிருந்து அக்கிருமிகள் அமிலத்தை உண்டாக்க, அது பல்லின் வெளிக்கவசமாகிய மிளிரியின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. துலக்குதல் தவறினால் நான்கு வாரங்களுக்குள்ளேயே வெள்ளை வடு தோன்றக்கூடும்.

முரசும் இதற்கு விலக்கன்று. ஹரால்ட் லோ என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் டென்மார்க்கில் நடத்திய ஆய்வொன்று 1965இல் வெளியாயிற்று. நல்ல முரசுடைய 12 பேர் பற்களைத் துலக்காது விட்டனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருடைய முரசும் அழற்சியுற்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களிலேயே நலம் திரும்பிற்று. அவ்வறிஞரே பின்னர் எமது நாட்டுக்கும் வந்தார். பல் துலக்கும் வழக்கமில்லாத தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை 1970 முதல் 1985 வரை அவருடைய குழுவினர் ஆராய்ந்தனர். பல்லைத் தாங்கும் இழையங்களின் அழிவு நூற்றுக்கு 8 பேரிடம் விரைவாகவும், 81 பேரிடம் மிதமாகவும் நிகழ்ந்திருந்தது. 11 பேரே அதற்குத் தப்பியிருந்தனர். கம்பி பூட்டாத வாய்க்கே இக்கதியெனின், பூட்டிய வாய்க்கு எத்துணைக் கவனம் வேண்டும்!

எம் முன்னோர் ஆலங்குச்சியாலும் வேப்பங்குச்சியாலும் பல் துலக்கினர். ஆனாற் குச்சி கம்பியின் அடியிற் புகாது. மென்மையான தூரிகையும் புளோரைட்டுக் கலந்த பற்பசையுமே இங்கு உதவுவன. முதலில் நீரை வாயிலிட்டு வலுவாகக் கொப்பளித்து, சிக்கிய துணுக்குகளை வெளியேற்றுக. அடுத்து, முரசும் பல்லும் சந்திக்கும் ஓரத்தில் தூரிகையைச் சாய்வாக வைத்து மெல்லத் துலக்குக. பின்னர் கம்பிக்கு மேலிருந்து கீழ்நோக்கியும், கீழிருந்து மேல்நோக்கியும் சாய்த்து, ஒவ்வொரு பிடியின் இருபுறங்களையும் துலக்குக. கம்பியின் அடியிலும் பல்லிடுக்கிலும் நுழையும் சிறு தூரிகைகள் மருந்துக் கடைகளிற் கிடைக்கின்றன. துலக்கியபின் நுரையைத் துப்பினாற் போதும். உடனே நீரால் அலசினாற் புளோரைட்டின் பயன் குறையும். காலையிலும், உறங்குமுன்பும் இதனைத் தவறாது செய்தல் வேண்டும். கம்பியில் உராய்வதால் தூரிகையின் மயிர்கள் விரைவில் விரிந்துவிடும். விரிந்ததும் புதிதொன்றை வாங்குக.

துலக்கும்போது குருதி கசிவதைக் கண்டு சிலர் துலக்குவதையே நிறுத்திவிடுவர். இது பெருந்தவறு. குருதி பெரும்பாலும் அழுக்குப் படிந்த முரசின் முறைப்பாடேயாகும். மென்மையாகத் தொடர்ந்து துலக்கிவர அது அடங்கும். இரண்டு வாரத்தில் அடங்காவிடின் பல் வைத்தியரிடம் காட்டுக.

முறுக்கு, கல்கண்டு, கரும்பு ஆகியன பிடிகளைப் பெயர்த்துவிடும். தொதலும் தொபியும் ஒட்டிக்கொண்டு அகலா. கொய்யாவையும் மாங்காயையும் சிறு துண்டுகளாக நறுக்கி உண்ணலாம். இனிப்புப் பானங்களை அடிக்கடி பருகுதலும் தீதே.

பெற்றோர் வைத்தியருக்குப் பணம் கொடுத்ததோடு தம் கடமை முடிந்ததென எண்ணலாகாது. மாதத்துக்கொரு முறை வைத்தியர் பார்ப்பார். நாள்தோறும் பார்க்க வேண்டியோர் வீட்டினரே. வாய்ச் சுத்தம் மிகவும் கெடின், சிகிச்சை முடியுமுன்பே கம்பியைக் கழற்ற நேர்வதும் உண்டு.

நாம் முதலிற் குறிப்பிட்ட மாணவியின் வடுக்கள் ஓரளவு மங்கின, முற்றாக மறையவில்லை. இப்போது அவளுடைய தம்பிக்குக் கம்பி பூட்டியிருக்கிறது. இரவு தோறும் கண்ணாடியின் முன் அவனருகே நின்று, ஒரு பல்லையும் தவறவிடாது பார்த்துக்கொள்பவள் அந்த அக்காளே.