சொல்லிவிட்டுக் கெடும் பம்ப்

பௌர்ணமி மாலை விழுப்புரத்திலிருந்து கண்டாச்சிபுரம் வழியாகக் கிரிவலத்துக்குப் போகும் வண்டிகளில் பழைய சுமோவும் இருக்கும், புது டர்போ காரும் இருக்கும். நடுவழியில் நிற்காமல் திருவண்ணாமலை போய்ச் சேர எதை நம்பலாம்?

பழைய டிரைவர்கள் 'மைக்கோ பம்ப்' என்பார்கள், எஞ்சினுக்கு டீசல் அடிக்கும் பழைய இயந்திர பம்ப்பை. 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, 2008-ல் பாஷ் ஆகிவிட்டது. பம்ப்பின் பேர் மட்டும் மாறவில்லை. அது கெடாத பம்ப் அல்ல. சொல்லிவிட்டுக் கெடும். முதலில் கரும்புகை, அப்புறம் மேட்டில் இழுவை குறையும். ஏர் லாக் ஆனால் டிரைவரே ஹேண்ட் பிரைமரை அடித்துக் காற்றை எடுத்துவிடுவார். மாசு விதிகள் இறுகியதும் புது கார்களில் அந்த பம்ப்புக்கு இடமில்லாமல் போயிற்று.

2002-ல் ஆக்சென்ட் சிஆர்டிஐ கார் வந்தது. அதோடு, டீசலை உயர் அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் முறை இங்கே பரவத் தொடங்கியது. டயருக்கு நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார். காமன் ரெயிலில் டீசலின் அழுத்தம் 1,600 பார் வரை, சிலவற்றில் அதற்கும் மேல். நாசில் துளையோ தலைமுடியைவிடச் சற்றே பெரிது. உயர் அழுத்த பம்ப்புக்கு டீசலேதான் மசகு. அதில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் பம்ப் தேய்ந்து, இரும்புத் துகள் இன்ஜெக்டர் வரை போய்விடும். கொல்லை மோட்டாருக்கு வாங்கி வைத்த பழைய கேன் டீசலை அவசரத்துக்கு ஊற்றுகிறவர்கள் கவனிக்க. மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்து வண்டி நின்றால், ஸ்கேனர் மாட்டாமல் நோய் தெரியாது.

என் ஓட்டு எம்பிஎஃப்ஐ (மல்டி பாயிண்ட் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) பெட்ரோல் எஞ்சினுக்குத்தான். அழுத்தம் 3, 4 பார்தான். இன்ஜெக்டர் வால்வுக்கு முன்னால் தெளிப்பதால் பெட்ரோலே வால்வைக் கழுவிவிடுகிறது. சிலிண்டருக்குள் நேரடியாக அடிக்கும் ஜிடிஐயில் அந்தக் குளியல் இல்லை. வால்வில் கரி படியும். டொயோட்டா சில எஞ்சின்களில் இரண்டு வகை இன்ஜெக்டரையும் சேர்த்தே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எம்பிஎஃப்ஐக்கும் ஒரு பலவீனம் உண்டு. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் மின்சார பம்ப்பைக் குளிர வைப்பது பெட்ரோல்தான். ரிசர்வ் விளக்கு எரிய எரிய இருநூறு ரூபாய்க்கு மட்டுமே அடித்து ஓட்டினால், பம்ப் சூட்டிலேயே வேகும். அது செத்த பிறகு பின்சீட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான்.