கூத்தைக் காப்பது யார்?

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பது நம் நாட்டுப் பழமொழி. பொழுது எப்போது விடியும் என்று ஒருவனும், எப்போது சாயும் என்று மற்றொருவனும் ஏங்குவதாக இதற்குப் பொருள் சொல்லுவார்கள். காஞ்சீபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் இவ்விருவரும் பல சமயங்களில் ஒருவரே. பகலெல்லாம் வயலில் உழைத்த மனிதன் இரவில் அரிதாரம் பூசி, கிரீடம் தரித்து, கர்ணனாகவும் துரியோதனனாகவும் சபையில் நிற்கிறான். இம்மனிதனைப் பற்றியும் இவனுடைய கலையைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

காஞ்சி என்றவுடன் கோயிலும் பட்டும்தான் எவருக்கும் நினைவில் எழும். ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் காமாட்சியம்மனையும் தரிசிக்க யாத்திரிகர் திரளுகின்றனர். கலியாணப் புடவை எடுக்கக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வருகின்றனர். இரண்டும் நமக்குப் பெருமை தருவனவே. ஆயினும், கோயிலைப் போல ஜனங்களின் பக்தியையும், தறியைப் போல நீண்ட பயிற்சியையும் ஆதாரமாகக் கொண்ட மூன்றாவது செல்வம் ஒன்று இவ்வூரின் நாட்டுப்புறத்தில் உண்டு. அதைப் பற்றி நகரத்தார் பேசுவது அரிது.

அதுவே கட்டைக்கூத்து. தெருக்கூத்து என்று பொதுவாக வழங்குவதும் இதுவே. வேஷக்காரர் தலையிலும் தோளிலும் அணியும் மரத்தாலான அணிகளுக்குக் கட்டை என்று பெயர். தெரு என்னும் சொல்லில் இளப்பம் தொனிப்பதால், கட்டைக்கூத்து என்னும் பெயரையே இக்கலைஞர் பலர் விரும்புகின்றனர். திரௌபதியம்மன் உற்சவ காலத்தில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாட்கள் தொடர்ந்து நடைபெறுகின்றன. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிறான். களிமண்ணால் மல்லாந்து கிடக்கும் கோலத்தில் சமைத்த துரியோதனனின் பேருருவின்மீது படுகளம் நிகழ்கிறது. திரௌபதி கூந்தல் முடித்தபின் ஊரார் தீ மிதிக்கின்றனர். ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், கருமாதியை ஒட்டிக் கர்ண மோட்சம் ஆடச் செய்வதும் வழக்கம். இவ்விதம் ஊரின் வேண்டுதலிலும் துக்கத்திலும் கூத்து கலந்திருக்கிறது. இதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லுகிறவர் கிராமத்தை அறியாதவரே.

இக்கூத்தில் மற்றொரு சிறப்பும் உண்டு. மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் முழங்க அரசர்கள் திரைக்குப் பின்னின்று தோன்றும் அதே களத்தில், கட்டியக்காரன் சாதாரணப் பேச்சில் நாட்டு நடப்பைப் பேசுகிறான். விலைவாசியும், உள்ளூர்ப் பெரிய மனிதரின் போக்கும் அவன் வாயில் அகப்பட்டுத் தப்புவதில்லை. எழுத்து வாசனை அற்ற காலத்திலும் நம் ஜனங்கள் அரசனைக் கண்டு சிரிக்கக் கற்றது இப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடத்தில்தான். காஞ்சிக்கு இது புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனே இந்நகரத்து வீதிகளைக் களமாக வைத்து, காணாமற்போன ஒரு கபாலத்தைப் பற்றி, மத்தவிலாசம் என்னும் பிரகசனத்தை வடமொழியில் இயற்றினான். சமய வேஷதாரிகளை நகைக்கும் நாடகத்தை அரசன் ஒருவனே எழுதினான் என்றால், நகைச்சுவைக்கு இவ்வூர் அளித்த இடம் எத்தகையது என்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கூத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் ஊரார்தான். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வைத்து, ஜமாவுக்குக் கூலி பேசி, ஊர்ப் பொதுவில் இடம் ஒழித்து, விடியும்வரை பாயில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சில ஊர்களில் வாலிபர்கள் வாத்தியார் ஒருவரை வைத்து, மாதக்கணக்கில் பாடம் கற்று, தாங்களே வேஷம் கட்டி அரங்கேறுவதும் உண்டு. கலை இன்னாருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அங்கே எழுவதில்லை.

இவ்வளவு இருந்தும் கூத்தாடி என்பது நம்மிடையே வசைச் சொல்லாகவே நிற்கிறது. கலைஞன் கையில் கூலி சொற்பம். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. இந்நிலையை மாற்றும் பொருட்டு, கலைஞர்கள் கூடி 1990-ல் காஞ்சீபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். பரம்பரைக் கூத்துக் குடும்பத்தில் தோன்றிய ராஜகோபால் வாத்தியாரும், டச்சு தேசத்து ஆராய்ச்சியாளரான ஹன்னே டி புருயின் அம்மையாரும் இம்முயற்சிக்கு முன்னின்றார்கள். 2002-ல் சங்கம் ஒரு குருகுலத்தையும் தொடங்கிற்று. காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் அது நடைபெற்றது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒருங்கே பயின்றனர். ஆண்களே பெண் வேஷம் கட்டி வந்த கலையில் பெண் குழந்தைகளும் பயிற்சி பெற்று மேடை ஏறினர்.

இதன் அருமையை உணர அக்காலத்துக் காஞ்சியின் நிலையை நினைவுகூர வேண்டும். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பட்டுத் தறிகளில் கட்டுண்டு உழைத்த குழந்தைகள் அப்போது இப்பகுதியில் ஏராளம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இணையும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்குத் துணையாக இன்னொரு கையும் வேண்டும். அக்கை பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளையின் கையாக இருந்தது. ஏழைக் குழந்தைக்குக் கல்வியும் கௌரவமும் தரும் வேறொரு வாசலைக் குருகுலம் திறந்து வைத்தது. பதினெட்டு வருஷங்களுக்குப் பின், 2020-ல் அக்குருகுலம் மூடப்பட்டுவிட்டது. அங்கே பயின்றவர்கள் இருக்கிறார்கள். சங்கமும் வாத்தியார்களும் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த தலைமுறை எங்கே பயிலும்? காஞ்சியின் பொது வாழ்வில் ஈடுபட்டோர் இக்கேள்வியைத் தங்களையே கேட்டுக்கொள்ளவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

பட்டுத் தொழிலைக் காக்க நம் தேசம் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்க 1985-ல் சட்டம் செய்யப்பட்டது. காஞ்சீபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்குகின்றன. விற்பனைக்குத் தள்ளுபடி உண்டு. இவை போதுமா என்பது வேறு விஷயம். ஒரு வட்டாரத்தின் கைத்திறனைச் சட்டத்தாலும் கூட்டுறவாலும் தாங்க முடியும் என்பதை நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். கூத்துக்கு மட்டும் இந்த நியாயம் ஏன் செல்லக்கூடாது?

சட்டம் கூத்துக்குத் துணை செய்யவில்லை, குறுக்கேயும் நிற்கிறது. 2000-வது வருஷத்திய ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2010-ல் செய்த திருத்தம் இசைக் கருவிகளையும் இத்தடையில் சேர்த்தது. திருவிழாவுக்காக ராஜ்ய சர்க்கார் வருஷத்தில் பதினைந்து நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம்; அதற்கப்பால் அதிகாரமில்லை. கூத்தோ பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியலில் முடிவது. ஆகவே, ஊரார் முறைப்படி நடத்தும் உற்சவம் உள்ளூர் போலீஸாரின் தயவை நம்பி நடக்க வேண்டியிருக்கிறது. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் அமைதியாக இருக்க வேண்டுவது அவசியமே. அதை நாம் மறுக்கவில்லை. ஒலிபெருக்கி தோன்றுமுன்பே உச்சக் குரலில் பாடிப் பழகிய கலை இது. களத்துக்குள் அடங்கும் அளவான ஒலியில், ஊரே வேண்டி நடத்தும் கூத்துக்கு விடியும்வரை அனுமதி என்று மத்திய சர்க்கார் விதியைத் திருத்துவது நியாயமாகும்.

அண்டை நாட்டார் நமக்கு வழிகாட்டியிருக்கின்றனர். கதகளி நலிந்த காலத்தில் மகாகவி வள்ளத்தோள் மனம் தளரவில்லை. லாட்டரிச் சீட்டு நடத்தியும் பணம் திரட்டி, 1930-ல் கேரள கலாமண்டலத்தை நிறுவினார். இன்று அது பல்கலைக்கழக அந்தஸ்துடன் விளங்குகிறது. தென் கன்னட ஜில்லாவில் கட்டீல் துர்க்கையம்மன் கோயிலின் யக்ஷகான மேளங்களைப் பக்தர்கள் பிரார்த்தனையாக ஆடுவிக்கின்றனர்; முறைக்காகப் பல வருஷங்கள் காத்திருக்கின்றனர். முன்னது பள்ளிக்கூடத்தின் பலம். பின்னது ஊராரின் பலம். கூத்துக்கு இரண்டும் வேண்டும்.

நமது யோசனைகள் பெரும் பொருட்செலவை வேண்டுவன அல்ல. பஞ்சாயத்துக்கள் கூத்துக்கென்று ஒரு களமும் விளக்கும், வேஷம் கட்ட ஓர் அறையும், பெண் கலைஞர்களுக்குத் தனி வசதியும் செய்து தரலாம். 2021-ல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சி நகரமும் இதில் பின்னடையலாகாது. சர்க்கார் பள்ளிகளில் கூத்து வாத்தியாருக்கு மாதச் சம்பளம் தந்து, வருஷத்துக்கு ஒரு நாடகமேனும் பிள்ளைகளைக் கொண்டு அரங்கேற்றலாம். பட்டு வியாபாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் வருஷத்தில் ஓர் இரவுக் கூத்தைத் தங்கள் பொறுப்பில், நியாயமான கூலி தந்து நடத்தலாம். பட்டணத்து விழாவில் அரை மணி நேரம் ஆட விட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்புவதை மட்டும் ஆதரவு என்று எண்ணிவிடக் கூடாது. பரிசு கலைஞனுக்குக் கௌரவம். ஆனால் கலை உயிர் வாழ்வது அடுத்த வாரம் அடுத்த ஊரில் ஆட்டம் இருப்பதால்தான்.

பொதுஜன ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனங்களைத் தேடி மேடை போடும் நீங்கள், அவர்கள் தாமாகவே கூடியிருக்கும் களத்துக்கு ஓரிரவு செல்லுங்கள். மாலை வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். பாயில் ஓர் ஓரமாக அமர்ந்து, கட்டியக்காரன் உங்களைப் பற்றி என்ன சொல்லுகிறான் என்று கேளுங்கள். கூத்தாடி என்ற சொல்லை வசையாக வழங்குவதை அன்றே விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு ஊர் வரி வசூலாகும்போது, கூத்துக்குப் பதிலாக வேறு கேளிக்கை வைக்கலாமே என்று எவரேனும் சொன்னால், எழுந்து நின்று மறுத்துப் பேசுங்கள். கிழக்கே பார்த்து ஆடுகிற அம்மனிதனுக்கு உண்மையில் பொழுது விடியுமா என்பது சர்க்காரின் கையில் பாதியும், நம் கையில் பாதியும் இருக்கிறது.