நிலத்தடி நீர் கணக்கிடப்படுவது எப்படி? பஞ்சாப் நிலவரம் உணர்த்துவது என்ன?

புதுதில்லி: நாட்டில் ஓராண்டில் எடுக்கத்தக்க நிலத்தடி நீரில் சுமார் 60 சதவீதம் பயன்படுத்தப்படுவதாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீடு தெரிவிக்கிறது. ஆனால், அதே மதிப்பீட்டில் பஞ்சாப் மாநிலத்தின் விகிதம் 150 சதவீதத்தைத் தாண்டியுள்ளது. அதாவது, எடுக்கத்தக்க அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான நீர் அங்கு இறைக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த நீர் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

கிணறுகள் தரும் தகவல்

நாடெங்கும் உள்ள கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை வாரியம் ஆண்டுக்கு 4 முறை அளவிடுகிறது. பருவமழைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்படும் அளவுகளின் வேறுபாடு, மழையால் சேர்ந்த நீரை மதிப்பிட உதவுகிறது. எனினும், திறந்தவெளிக் கிணறு மேலடுக்கின் நிலையை மட்டுமே காட்டும். ஆழ்துளைக் கிணறுகள் நீரை உறிஞ்சும் கீழடுக்கை அறிய, அந்த ஆழத்துக்கே தனியாகத் துளையிடப்பட்ட அளவீட்டுக் கிணறுகள் தேவை. நீரைத் தாங்கும் இத்தகைய அடுக்குகளை வரைபடமாக்கும் தேசியத் திட்டம் 2012-இல் தொடங்கப்பட்டு, சுமார் 25 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் நிறைவேற்றப்பட்டது.

விண்ணிலிருந்து அளவீடு

2002-இல் அமெரிக்காவும் ஜெர்மனியும் இணைந்து செலுத்திய 'கிரேஸ்' இரட்டைச் செயற்கைக்கோள்கள், புவியீர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களைப் பதிவு செய்தன. நிலத்தடி நீர் குறையும்போது அப்பகுதியின் ஈர்ப்பும் சிறிது குறையும். இதன் அடிப்படையில், ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியாணா பகுதிகள் 2002 முதல் 2008 வரை சுமார் 109 கன கி.மீ. நிலத்தடி நீரை இழந்ததாக 2009-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. அக்காலத்தில் மழையளவு ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. எனினும், இம்முறையால் ஒரு மாவட்டத்தின் நிலையைத் தனியே பிரித்தறிய இயலாது.

கணினி மாதிரியின் பணி

இந்த இடைவெளியைக் கணினி மாதிரி நிரப்புகிறது. நிலத்தடியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர் ஊடுருவும் வேகம், சேரும் நீர், இறைக்கப்படும் நீர் ஆகியவை உள்ளிடப்படுகின்றன. கடந்த ஆண்டுகளின் கிணற்று அளவுகளோடு முடிவுகள் ஒத்துப்போகும் வரை மாதிரி திருத்தப்படும். அதன்பின், நெல் பரப்பைக் குறைத்தால் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பது போன்ற கேள்விகளுக்கு விடை தேடலாம்.

வயலுக்கு இறைக்கப்படும் நீர் முழுவதும் இழப்பாகிவிடுவதில்லை. ஒரு பகுதி மீண்டும் மண்ணுக்குள் இறங்குகிறது. ஆவியாகி வெளியேறுவதே உண்மையான இழப்பு. கடும் கோடையில் நெல் நாற்று நடுவதைத் தடுக்கும் சட்டத்தைப் பஞ்சாப் அரசு 2009-இல் இயற்றியதன் நோக்கமும் இந்த இழப்பைக் குறைப்பதே.

விடுபடும் கணக்கு

ஒரு மாதிரியின் துல்லியம் அதற்கு அளிக்கப்படும் தரவுகளைப் பொறுத்தது. பஞ்சாபில் வேளாண்மைக்கு இலவச மின்சாரம் வழங்கப்படுவதால், பெரும்பாலான பம்பு செட்டுகளுக்கு மீட்டர் இல்லை. இதனால், இறைக்கப்படும் நீரின் அளவே நேரடியாக அளக்கப்படாமல் மதிப்பீடாக உள்ளது. அந்த அளவு தெரியாதவரை, எந்த ஊரில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை உறுதியாகக் கூற இயலாது. நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணற்றை ஆழப்படுத்தி, கூடுதல் திறனுள்ள மோட்டாரைப் பொருத்தும் செலவோ முதலில் சிறு விவசாயிகளையே பாதிக்கிறது.