கணினியில் யார் எக்குழுவினர்?

மாணவனொருவனைப் பாடசாலையின் சங்கமொன்றிற் சேர்த்து அவன் பெயரை இடாப்பிலும் எழுதியாயிற்று. ஆயினும் காலையில் அவனுக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டில் அச்சங்கத்தின் பெயர் இல்லையெனின், சீட்டை மட்டுமே பார்க்கும் வாயிற்காவலன் அவனை உள்ளே விடான். பலர் கூடிப் பயன்படுத்தும் கணினியிலும் இதுவே நிகழ்கின்றது.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிட்சி ஆகியோர் தொடக்கிய யூனிக்ஸ் முறையும், அதன் வழிவந்த லினக்ஸ் முறையும் ஒவ்வொரு கோப்புக்கும் மூவகை உரிமை வகுக்கின்றன. உரிமையாளருக்கு ஒன்று, குறித்த குழுவினருக்கு ஒன்று, ஏனையோருக்கு ஒன்று. ஆகவே ஒருவர் எக்குழுவினர் என்பதைப் பொறுத்தே, சம்பளக் கணக்கை அவர் திறக்கலாமா கூடாதா என்பது முடிவாகும்.

இதனை அறியக் கட்டளைத் திரையில் ‘குறூப்ஸ்’ என்னும் ஒரு சொல்லைத் தட்டினாற் போதும். ‘ஐடி’ என்று தட்டினாலோ குழுக்களின் பெயரோடு இலக்கங்களும் வரும். இயந்திரம் மெய்யாகவே அறிவது இலக்கங்களைத்தான். பெயர்கள் மனிதரின் வசதிக்காக வைக்கப்பட்டவை.

நேயர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பயனரின் பெயரைக் குறியாது கேட்டால், அவர் உள்நுழைந்தபோது பெற்ற சீட்டிலுள்ளதைக் கணினி சொல்லும். பெயரைக் குறித்துக் கேட்டால், இடாப்பிலுள்ளதைச் சொல்லும். இரு விடைகளும் வேறுபடக்கூடும். நிருவாகி ஒருவரைப் புதிய குழுவிற் சேர்த்தபின்பும் அவருக்குக் கோப்புத் திறவாததன் காரணம் பெரும்பாலும் இதுவே. அவர் வெளியேறி மீண்டும் உள்நுழைந்தாற் புதிய சீட்டுக் கிடைக்கும். இதன் மறுபக்கமே அச்சந் தருவது: குழுவிலிருந்து நீக்கப்பட்டவர், முன்னரே திறந்து வைத்த அமர்வு மூடப்படும்வரை, பழைய சீட்டுடன் உள்ளே உலாவிக்கொண்டிருப்பார்.

இடாப்பையே நேரிற் பார்க்க விரும்புவோர் ‘எட்சி’ என்னும் அடைவிலுள்ள ‘குறூப்’ என்னும் கோப்பைத் திறப்பர். ஆனால் ஒருவருடைய முதற்குழு ‘பாஸ்வேர்ட்’ கோப்பிலே குறிக்கப்படுவதால், ‘குறூப்’ கோப்பில் அவர் பெயர் காணப்படாமலே போகலாம். பெரிய காரியாலயங்களில் இடாப்பு வேறொரு கணினியில் இருப்பதும் உண்டு. ஆகையாற் கோப்பைப் படிப்பதிலும் கட்டளையாற் கேட்பதே நம்பத்தக்கது. ஒரே வேளையிற் பல குழுக்களில் இருக்கும் வசதியும் ஆதியில் இருந்ததன்று. 1983இல் வெளிவந்த பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்து யூனிக்ஸிலேதான் அது வந்தது.

இன்னுமொரு பொறி உண்டு. ‘யூசர்மொட்’ என்னும் கட்டளையாற் புதிய குழுவிற் சேர்ப்போர், ‘கூட்டுக’ எனப் பொருள்படும் சிறிய ‘ஏ’ எழுத்தை இட மறந்தால், அப்பயனர் ஏனைய துணைக்குழுக்கள் அனைத்திலிருந்தும் நீங்கிவிடுவார். உபுண்டு போன்றவற்றில் நிருவாக அதிகாரம் தருவது ‘சூடோ’ என்னும் குழு. ஒரேயொரு நிருவாகி தம்மையே இவ்வாறு நீக்கிக்கொண்டாலும் அப்பொழுது ஒன்றும் தெரியாது. பழைய சீட்டு இன்னும் கையில் இருக்கின்றதன்றோ! மறுநாள் உள்நுழையும்போதுதான் அதிகாரம் பறிபோனது புலனாகும். மாற்றஞ் செய்தவுடன், வெளியேறுமுன்பே, தம் பெயரைக் குறித்து ‘ஐடி’ கட்டளையால் ஒருமுறை கேட்பாராயின், தவற்றை அவ்விடத்திலேயே திருத்திக்கொள்வார்.