சரக்கு மூட்டை வேண்டாம், மாதிரி போதும்

தார் வெட்டியபின் வரப்பில் கிடந்து அழுகும் வாழை மரத்திலிருந்து நார் எடுத்து, கூடை, பை பின்னும் மகளிர் குழுவா உங்களுடையது? மொத்த வியாபாரத்துக்குப் போக நினைத்தால், டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் ஆண்டுக்கு 2 முறை கைவினை, பரிசுப்பொருள் கண்காட்சி நடக்கிறது. அது சில்லறை விற்கும் இடமல்ல. கடைக்காரர்களும் இறக்குமதியாளர்களும் மாதிரியைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். நல்ல மாதிரிகளும் விலைப்பட்டியலும் கொண்டுபோனால் போதும்.

சிக்கல் ஆர்டர் கிடைத்த பிறகுதான். 8 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 2 கூடை என்றால், 25 வேலைநாளில் 400தான் முடியும். 1,000 கூடையை ஒரே மாதத்தில் தருவதாகத் தலையாட்டிவிட்டால் பின்னல் தளரும். அடுத்த ஆர்டர் வராது. இரண்டரை மாதம் கேளுங்கள். நடவு, அறுப்பு நாட்களில் பாதிப் பேர் வயலுக்குப் போய்விடுவார்கள். அதற்கும் சேர்த்துக் கேளுங்கள்.

விலை சொல்லும்போது நார், பெட்டி, லாரி வாடகையோடு வீட்டு ஆள் கூலியையும் சேருங்கள். நெல்லுக்கும் அதைத்தானே விட்டுவிடுகிறோம்!

நார் முழுதாக உலரட்டும். ஈரம் இருந்தால் கப்பலில் போகும் பெட்டிக்குள்ளேயே பூஞ்சாணம் பிடித்துவிடும். மொத்தச் சரக்கும் உங்கள் தலையில்தான் விழும்.