அச்சாணியும் போதிகையும்

பாரம் ஏற்றிய வண்டி நடுவழியில் முறிந்து நின்றால் வருந்துன்பத்தை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். உப்பு வணிகராகிய உமணர் நெடுவழிச் செல்லுங்கால், வண்டியின் அடியிலே மற்றோர் அச்சினையும் கட்டிக்கொண்டு சென்றனர். சேமவச்சு என்பது அதன் பெயர். புறநானூற்றின் 102ஆம் பாட்டிலே ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை இவ்வச்சுக்கு ஒப்பிட்டுப் பாடினார்.

இக்கால லொறி சேமவச்சுக்கு ஈடாகச் சேமச்சில்லினைச் சுமக்கிறது. ஆயின், ஊறு எப்போதும் சில்லுக்கே வருவதன்று. அண்மையில், சீனன்குடாவிலிருந்து கோதுமை மா மூடைகளுடன் கண்டிக்குப் புறப்பட்ட லொறியொன்று, முன்சில்லில் அரைக்கும் ஓசை எழவே, வழியோரக் கராச்சொன்றில் நின்றது. அதனைத் திருத்திய வினைஞரின் செயலை அருகிருந்து கண்டேன்.

சில்லின் குடத்தினுள்ளே பெரிதொன்றும் சிறிதொன்றுமாக இரண்டு பெயரிங்குகள் உள்ளன. ஒருபுறம் ஒடுங்கிய எஃகுருளைகள் வட்டமாய் நின்று, கப் எனப்படும் வளையத்தினுள் ஓடுகின்றன. மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவுகளிற் பக்கமாய்த் தள்ளும் விசையையும் ஒருங்கே தாங்கவே இவ்வடிவம். 1898இல் இதற்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கரான ஹென்றி திம்கென் குதிரைவண்டி செய்து வாழ்ந்தவர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

ஓயில் சீல் கிழிந்து ஈரம் புகுந்ததனால், கிறீஸ் கெட்டு, உருளைகள் வெந்து நீலம் பாரித்திருந்தன.

“அண்ணே, கப் நல்லாத்தானே இருக்கு. அதை விட்டிட்டு மற்றதை மாத்துங்கோ. இரவைக்குள்ள கண்டிக்குப் போகவேணும்” என்றார் சாரதி.

“தம்பி, பழைய கப்பில புது உருளையை ஓடவிட்டால், இறக்கத்தில சில்லு உனக்கு முன்னாலே போகும்” என்றார் வினைஞர்.

சொன்னபடியே, பித்தளைக் கோலால் தட்டிப் பழைய வளையங்களை அகற்றிப் புதியவற்றைப் பொருத்தினார். உருளைகளின் இடுக்கெல்லாம் கிறீஸ் அழுத்தினார். சீலையும் புதிதாக இட்டார். சில்லினைச் சுழற்றிக்கொண்டே நட்டினை இறுக்கி, பின்னர்ச் சிறிதளவு தளர்த்தினார். மிக இறுகின் பெயரிங் வேகும். மிகத் தளரின் சில்லு ஆடும். ஈற்றில், நட்டு கழலாதபடி புதிய பிளவூசியொன்றைச் செருகி மடக்கினார்.

நம் நாட்டுத் தொழினுட்ப நூல்கள் பெயரிங்கினைப் போதிகை என வழங்குகின்றன. கோயிற்றூணின் உச்சியிலே நின்று, உத்தரத்தின் பாரத்தை ஏற்றுத் தூணுக்கு இறக்குவது போதிகை. அசையாத கல்லுக்குரிய சொல்லைச் சுழலும் எஃகுக்கு ஈந்தவர் பொருளறிந்தே ஈந்தார்; இரண்டிற்கும் பாரந்தாங்குதலே தொழில்.

வடிவின் சிறுமை கண்டு ஒருவரை இகழலாகாது என்று கூறவந்த வள்ளுவர், பெருந்தேரின் அச்சாணியைச் சுட்டினார். சில்லினைக் கழலாது காக்கும் அவ்வாணியின் வேலையிற் பங்கு கொண்டதே, விரலளவும் தடிப்பில்லாத இப்பிளவூசி. அக்குறளைக் கற்பிக்கும் ஆசிரியர், தேரினைக் கண்டறியாத மாணவரை ஒருநாள் அயலிலுள்ள கராச்சுக்கு அழைத்துச் செல்வாராக. உரைநூல் ஒரு பக்கத்தில் விளக்குவதை அங்கே கண்ணாற் காண்பர்.